ஒன்றா, இரண்டா?

கோவைக்குப் பக்கத்தில் ஒரு சோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில், முயல் கண் எவ்வளவு பாதித்திருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவதுதான் என் வேலை. கீழிமையை லேசாக இழுத்து கண்ணைப் பாதிக்குமா என்று சோதிக்க வேண்டிய மருந்தை ஒரு கண்ணில் மட்டும் 0.1 மி.லி. விடுவோம். இன்னொரு கண் ஒப்பிட்டுப் பார்க்க. முயலுக்குக் கண்ணீர் குறைவு, இமைப்பதும் குறைவு. விட்டது அங்கேயே தங்கிவிடும். 1, 24, 48, 72 மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

முயல்களைப் பார்த்துக்கொண்ட அண்ணன் கிணத்துக்கடவுக்காரர். "தலையைத் திருப்பு கண்ணு, ஒரே நிமிசந்தான்" என்று முயலிடம் பேசிக்கொண்டேதான் பிடிப்பார். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே கண்ணு. எனக்குத்தான் அதைக் கேட்டாலே என்னவோ போல இருக்கும்.

1944-இல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவர் வகுத்த கணக்கு இது. மொத்தம் 110. கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கும் கார்னியாவுக்கே 80 போய்விடும், அதற்குப் பின்னால் நிறத்தோடு தெரியும் ஐரிஸுக்கு 10, இமையின் உள்பக்கச் சவ்வுக்கு 20. கார்னியா மங்கியிருந்தும் ஐரிஸ் தெளிவாகத் தெரிந்தால் ஒன்று, கொஞ்சம் மறைத்தாற்போல் தெரிந்தால் இரண்டு. தெளிவு எது, கொஞ்சம் எது? ஒருநாள் நான் இரண்டு போட்டேன். மூத்தவர் வந்து பார்த்துவிட்டு ஒன்று என்றார். இந்த எண்ணை மங்கிய பரப்பின் அளவோடு பெருக்குவோம்; கார்னியா முழுக்க மங்கியிருந்ததால் ஒன்று என்றால் 20, இரண்டு என்றால் 40. முயல் அதேதான், டார்ச்சும் அதேதான். சரி என்று அவர் சொன்னதையே எழுதினேன். இப்போதும் அது இரண்டுதான் என்று நினைக்கிறேன்.

2014-இல் அழகுசாதனங்களை விலங்குகள் மேல் சோதிக்கத் தடை வந்தது. அப்புறம் எங்களுக்கு மாட்டுக்கண். வாளையாறு தாண்டி ஓர் அறுப்புக்கூடத்தில் வாங்கி, உப்புக்கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவந்தாக வேண்டும். பொள்ளாச்சிச் சந்தையில் பார்த்த மாடாகக்கூட இருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றும். கார்னியாவை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டத்தில் பொருத்தி, 10 நிமிடம் மருந்து, கழுவல், 32 டிகிரியில் இரண்டு மணி நேரம். எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறது, சாயம் எவ்வளவு கசிகிறது என்று கருவியே சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்து வரும் எண் 55-க்கு மேல் போனால் கடும் பாதிப்பு, 3 வரை பயமில்லை. நடுவில் வந்தால் இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்றா இரண்டா என்ற சண்டை ஓய்ந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. ஆனால் வெட்டியெடுத்த கார்னியா ஆறுமா என்று கருவிக்குத் தெரியாது. முயலாக இருந்தால் 21 நாள் வரை வைத்துப் பார்ப்போம்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் என் மாமாவுக்குக் கண்ணில் காஸ்டிக் தெறித்தபோதுதான் அந்த 21 நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. காஸ்டிக் கடுமையான காரம், அதை நாங்கள் முயலுக்கு விட்டதே இல்லை. காரத்தின் அளவைச் சொல்லும் பிஎச் 11.5-ஐத் தொட்டாலே கண்ணைப் பதம் பார்க்கும் என்று சோதிக்காமலே எழுதிவிடுவோம். அமிலம் பட்ட இடத்தில் சதை உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் அப்படியில்லை, கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். நல்லவேளை, உடனிருந்தவர்கள் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று அலையாமல் அரைமணி நேரம் பைப்படியில் உட்காரவைத்துக் கண்ணைக் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஐரிஸின் கோடுகள் கொஞ்சம் மறைந்திருந்தன. என்னையறியாமல் மனசு 'இரண்டு' என்றது.

"ஏங்கண்ணு, நீ இதே வேலைதானே பாக்குற? பார்வை திரும்பிருமா?"

"தெரியலைங்க மாமா."

மூன்று வாரம் கழித்துப் போனபோது, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேதி தெரியுது கண்ணு. கீழ இருக்கிற ராகுகாலந்தான் தெரியலை" என்றார்.