மொட்டை மாடி ரூமும் சேது எக்ஸ்பிரஸும்

ஏப்ரல் 15-ம் தேதி விசைப்படகுகள் கரையேறிவிட்டால் எனக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நண்டு மட்டும்தான் கம்பெனிக்கு வரும். நண்டு உடைக்கும் அக்காக்கள் மதியமே கை கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலியைத் திறந்துவைத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். போன வருடம் அப்படி ஒரு மதியத்தில்தான், ஐஸ் பாக்கி எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், குடிபோகலாம் என்று நினைத்த ஊர்ப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். மும்பை, ஹைதராபாத், கொச்சி, பெங்களூரு, கோவை, மதுரை, சென்னை. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கட்டம்: வாடகை, சம்பளம், நம்ம ஆட்கள்.

நம்ம ஆட்கள் என்றால் சாதிக்காரர்களோ எங்கள் ஊரான மண்டபத்துக்காரர்களோ இல்லை. நான் கே, ஆண்களை விரும்பும் ஆண். வயது 29. தமிழ்நாடு அரசு 2022-ல் எங்களைப் போன்றவர்களை மரியாதையாகக் குறிப்பிட ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள். அந்த எண் என்னவென்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏன் போகவேண்டும் என்று கேட்டால் ஒரு கல்யாணத்தைச் சொல்வேன். பாம்பனில் நடந்தது. மாப்பிள்ளை யார் என்பதைச் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். கணக்கு பார்க்கிறவன் என்று என்னை மொய் டேபிளில் உட்கார வைத்தார்கள். "நீதான் எழுதணும் மச்சான், வேற யாராச்சும் எழுதுனா கணக்கு உதைக்கும்" என்று அவனே சொன்னான். 300 பேருக்கு மேல் எழுதினேன். இன்னாருடைய மகன், இன்ன ஊர், 201, 501. கடைசியில் என் பெயரை எழுதி 1,001 என்று போட்டேன். இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்து, பணத்தைத் துணிப்பையில் கட்டி அவன் தாய்மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். பாலத்தில் போகும்போது கண்டக்டர் மூன்று தடவை டிக்கெட் கேட்டாராம். பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு அடுத்த மாதமே அம்மா என் முறைப்பெண் பேச்சை எடுத்தது. தங்கச்சி கல்யாணக் கடன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கடன் போன தைமாதத்தோடு முடிந்துவிட்டது. தள்ளிப்போட வேறு காரணம் மிச்சமில்லை.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

மும்பையை அன்றைக்கே அடித்துவிட்டேன். அந்த வாடகையை என் சம்பளத்தால் தாங்க முடியாது, எனக்கு இந்தியும் வராது. ஹைதராபாத்தும் அப்படித்தான், அங்கே தெரிந்த ஆளும் கிடையாது. கொச்சி மேல் ஆசை இருந்தது. திருநர்களுக்கென்று 2015-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்த மாநிலம், மெட்ரோவில் அவர்களை வேலைக்கு எடுத்த ஊர். மீன் குழம்புக்கும் குறை இருக்காது. ஆனால் அங்கே நான் விசாரித்த கம்பெனிகளில் கணக்கு வேலைக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார்கள். கோவையில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் சித்தப்பா. அந்த ஒரே காரணம் போதும்.

மதுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வாடகை குறைவு, இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். 2012-லேயே அங்கே வானவில் பேரணி நடந்திருக்கிறது. ஆனால் ராமநாதபுரம் கடற்கரை முழுக்க ஆஸ்பத்திரிக்கும் பட்டுப்புடவைக்கும் மதுரைக்குத்தான் போகும். நான் மாட்டுத்தாவணியில் ஒருவன் கையைப் பிடித்தால், அவன் கையை விடுவதற்குள் செய்தி மண்டபம் வந்து சேர்ந்துவிடும். எந்தத் தூணுக்குப் பின்னால் எந்த அத்தை நிற்குமோ, யாருக்குத் தெரியும்.

ஆக, மிஞ்சியது பெங்களூரும் சென்னையும். எல்லோரும் பெங்களூரு என்றுதான் சொன்னார்கள். 1994-லிருந்து இயங்கும் ஆதரவுக் குழு இருக்கிறது, 2008-லிருந்து வருடா வருடம் பேரணி நடக்கிறது, குளுகுளு ஊர். ஆப்பில் பழக்கமான ஒரு அண்ணன் பிடிஎம் லேஅவுட்டில் இருக்கிறார், பரமக்குடிக்காரர். மூன்று நாள் லீவு போட்டு ஆம்னி பஸ் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவில் அவருடைய நண்பர்கள் ஏழெட்டுப் பேரோடு மூங்கில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் நகத்துக்குப் பச்சை நிறம் பூசியிருந்தார். இன்னொருவர் தன் காதலனின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு கன்னடத்தில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் அழுகை வந்தது. அதற்கப்புறம் பசித்தது.

ராத்திரி அண்ணன் தங்கியிருக்கும் பிஜி விடுதிக்குப் போனோம். ஒரு ரூமில் மூன்று கட்டில். ஆளுக்கு 8,500 ரூபாய். மற்ற இரண்டு பேரும் நல்ல பையன்கள்தான், ஐபிஎல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனவர் அரை மணி நேரம் வரவில்லை. தேடிப் போனால், மாடிப்படியில், லைட்டை அணைத்துவிட்டு, வாயைக் கையால் பொத்தியபடி பேசிக்கொண்டிருக்கிறார். "ரூம்ல தெரியாதுடா. தெரிஞ்சா அடுத்த ரூம் தேடணும்" என்றார். அவர் அந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பூங்காவில் யாருக்கும் பயப்படாத மனுஷன், தன் கட்டிலுக்கு வந்ததும் பரமக்குடிக்கே திரும்பிப் போனமாதிரி ஆகிவிடுகிறார். தனி ரூம் எடுக்கலாம்தான். அவர் காட்டிய ஒரு சின்ன ரூமுக்கு 13,000 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ். அண்ணன் ஊருக்கு மாதம் 10,000 அனுப்புகிறவர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நோட்டை எடுத்து, மூன்று கட்டத்தையும் குறுக்கே அடித்துவிட்டு ஒரே கட்டமாக ஆக்கினேன்: என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், பூட்டினால் சாவி என்னிடம் மட்டும் இருக்கிற ஒரு ரூம், எந்த ஊரில்?

சட்டத்தைப் பொறுத்தவரை எல்லா ஊரும் ஒன்றுதான். 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், எங்களைக் குற்றவாளிகளாக்கிய 377-ம் பிரிவிலிருந்து எங்களை விடுவித்தது, அது மண்டபத்துக்கும் சேர்த்துத்தான். 2023 அக்டோபரில் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை இல்லை என்று சொன்னதும் எல்லா ஊருக்கும்தான். தமிழ்நாட்டுக்கென்று தனியாக இருப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு உத்தரவு. ஒருவரை ஒருவர் காதலித்த, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வெளியேறி சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர்கள் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இதைப் பற்றித் தனக்கே சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டு, 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு போட்டார். வயது வந்தவர்கள் விருப்பப்பட்டுத்தான் போனார்கள் என்றால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் அந்தப் புகாரை முடித்துவிடவேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது. 'மாற்றுகிறேன்' என்று சொல்லி வைத்தியம் பார்க்கக்கூடாது. அடுத்த வருடம் போலீஸ் நடத்தை விதியிலேயே இதைச் சேர்த்தார்கள். அப்பா என்னைக் காணவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போவாரா தெரியாது, ஆனால் மாமா போவார். அதனால் அந்த உத்தரவை பிரிண்ட் எடுத்து பேன் கார்டு இருக்கும் ஃபைலில் வைத்திருக்கிறேன். எல்லா ஸ்டேஷனிலும் அதைப் படித்திருப்பார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

சென்னையில் வேலை ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் கிடைத்தது. 26,000 சம்பளம். இங்கே 17,000. மூன்றில் ஒரு பங்கு என்றால் 8,600 சொச்சம். அந்தப் பணத்துக்கு சென்னைக்குள் எதுவும் கிடைக்காது, தாம்பரம் பக்கம் போனால் கிடைக்கும். தாம்பரத்துக்கு இன்னொரு விசேஷம், சேது எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும். ராமநாதபுரத்தில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் தாம்பரம். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை ரயில் எதுவும் ராமேஸ்வரம் போகவில்லை. எங்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை, நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் தீவுக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, வீட்டுக்குத் திரும்ப நேரான ரயில் இருக்கிற ஊர்தான் வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறது.

வீடு பார்த்த கதையையும் சொல்கிறேன். நங்கநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டார் ஓனர். "மண்டபம் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கேட்டைச் சாத்திவிட்டார். நான் கே என்பதற்காக வீடு மறுக்கப்படும் என்று இரண்டு வருடமாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் நகரை என்கிற மீனுக்காக மறுத்தார்கள்.

தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் பக்கம் பார்த்த ரூம் மொட்டை மாடியில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு, ஒரு பாத்ரூம், சமைக்க ஒரு சிமெண்ட் மேடை, மேலே ஷீட் கூரை. 7,500 வாடகை, 30,000 அட்வான்ஸ், கரண்டுக்குத் தனி மீட்டர். மே மாதம் எப்படி வேகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அந்தப் பக்கத்துத் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த படங்களைப் பார்த்தவன் நான், வேகட்டும் பரவாயில்லை. ஓனரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நிபந்தனைகளைச் சொன்னார்.

"குடிக்கக் கூடாது தம்பி."

"இல்லம்மா, பழக்கம் இல்ல."

"லேடீஸ் யாரும் வந்து தங்கக் கூடாது. அது மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு."

"வரமாட்டாங்கம்மா. எழுதிக்கூடத் தர்றேன்."

"ஃப்ரெண்ட்ஸ் பசங்க வந்தா ஒண்ணும் இல்ல. சத்தம் போடாம இருந்தா சரி."

தரகர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார், இவ்வளவு ஒழுக்கமான பையனைக் கூட்டிவந்த பெருமையில். நான் ஷீட் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கும், திருநங்கைக்கும் இதே ரூம் இதே வாடகைக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பார்த்தால் தெரியாமல் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் தொண்டையில் முள் மாதிரி ஒன்று நிற்கத்தான் செய்கிறது.

மீன் பற்றி நானே முந்திக்கொண்டு கேட்டேன். "கருவாடு மட்டும் வெளிய வெச்சு வறுத்துக்கோ" என்றார்.

எங்கள் ஊரில் கடல் இரண்டு. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடல் பக்கம் பிழைப்பு. கச்சான் காற்று திரும்பினால் தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடலுக்குப் போவார்கள். அப்பா நாற்பது வருடமாக இப்படி மாறி மாறித்தான் போகிறார். சென்னை போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இங்க காத்து சரியில்லையா உனக்கு?" வேலைக்காகத்தான் என்று சொன்னேன். அவர் வலையின் கிழிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. பாம்பன் கல்யாணத்துக்கு அப்புறம் அவனைப் பற்றி வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை, அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தடவையாவது விசாரிப்பார்கள்.

சென்னையில் 2009-லிருந்து ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று பேரணி நடக்கிறது. இந்த வருடம் போவேனா என்று கேட்டால், ஓரமாக நின்று பார்ப்பேன். டிவி கேமரா இல்லாத ஓரமாக. எழும்பூருக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் பத்து ரூபாய்தான்.

ஜூன் 13-ம் தேதி சேதுவில் டிக்கெட் போட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட் 14. கம்பெனி முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. 15-ம் தேதி படகுகள் கடலுக்குப் போகும், அப்புறம் ஜிஎஸ்டியை யார் பார்ப்பது என்று கத்துவார். அம்மா ஏற்கெனவே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது. நெத்திலிக் கருவாட்டை மூன்று கவருக்குள் போட்டு, மேலே ஒரு பழைய லுங்கியைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு முடிச்சு. ஒரு ஆளுக்கு எதற்கம்மா இரண்டு கிலோ என்றேன். "யாராச்சும் வருவாங்கள்ல" என்றது.

வெயிட்டிங் லிஸ்ட் காலையில் 14, இப்போது 11.