பீம் அணைந்த பிறகும் வந்த சிக்னல்

டோகாமாக் என்பது அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் கொண்ட சூடான வாயுவை, காந்தப் புலத்தில் அடைத்து வைக்கும் கருவி. அதில் பிளாஸ்மா எச்-மோடுக்கு, அதாவது வெப்பத்தை நன்றாகப் பிடித்து வைக்கும் நிலைக்குப் போனதும் (1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில்தான் முதலில் பார்த்தார்கள்) விளிம்பில் அழுத்தம் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறி நிற்கும். அது தாங்காமல் உடைந்து வெப்பத்தையும் துகள்களையும் வெளியே கொட்டும் வெடிப்புதான் ஈ.எல்.எம். (edge localized mode). பெரும்பாலும் ஒரு மில்லிசெகண்டுக்குள் உடைந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில் அடர்த்தி எவ்வளவு கொந்தளிக்கிறது என்று அளப்பது என் வேலை.

டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் அணுக்களின் பீமை (கற்றையை) உள்ளே செலுத்தினால், மோதல்களால் அது ஒளிரும். அடர்த்தி ஆடினால் ஒளியும் ஆடும். பீம் வேகமாகப் போவதால் அதன் ஒளி டியூட்டீரியத்தின் வழக்கமான அலைநீளமான 656.1 நானோமீட்டரிலிருந்து சில நானோமீட்டர் தள்ளி விழும், ஆகவே விளிம்பின் சொந்த ஒளியை ஃபில்டர் தடுத்துவிடும் என்று நம்பினேன். பக்கத்துப் பக்கத்து இடங்களைப் பார்க்கும் சேனல்கள் (ஒளி உணரிகள்) இரண்டை ஒப்பிட்டால், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வரும் ஃபோட்டான் இரைச்சலும் கழிந்துவிடும். முதல் முடிவில், உடையும் தருணத்தில் கொந்தளிப்பு பல மடங்கு. மனசு துள்ளியது.

அப்புறம் பீமைச் சில மில்லிசெகண்டுகள் அணைத்து வைத்த ஒரு ஷாட்டை (கருவியின் ஒரு முறை ஓட்டத்தை) எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். படுத்தும் இருந்தது, ஆனால் ஈ.எல்.எம். வந்த இடத்தில் மட்டும் கூர்மையாக ஒரு முள் எழும்பி நின்றது, பீமே இல்லாமல்! அந்த நொடியில் விளிம்பின் ஒளி அவ்வளவு பெருகுகிறது, ஃபில்டரைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்தாலே போதும். அந்தக் கசிவு எல்லாச் சேனலிலும் ஒரே நேரத்தில் வருவதால், ஒப்பிடும் கணக்கு அதை இரைச்சலாகத் தள்ளாமல் நிஜக் கொந்தளிப்பாகவே எடுத்துக்கொண்டது. இரண்டு மாதக் கணக்கைத் தூக்கிப் போட்டேன், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, மறுபடி முதலிலிருந்து. பீமைத் தொடாத ஒரு பார்வைக்கோட்டைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டேன். முள் எழும் இடங்களை மொத்தமாக வெட்டி எறிந்தேன். ஈ.எல்.எம். சீரான இடைவெளியில் வராது என்பதால், கடந்த வெடிப்பிலிருந்து எத்தனை மில்லிசெகண்டு என்று பார்க்காமல், ஒவ்வொரு இடைவெளியையும் நூறு பங்காக்கி, நூற்றுக்கணக்கான சுழற்சிகளின் அதே பங்குகளை ஒன்றாகச் சேர்த்தேன். இந்தப் படி இல்லாமல் எதுவும் தெளிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது கிடைத்த வளைவில் துள்ளல் எதுவும் இல்லை. வெடித்து முடிந்ததும் கொந்தளிப்பு தாழ்ந்து, பிறகு மளமளவென்று ஏறி, அடுத்த வெடிப்புக்கு ரொம்ப முன்பே ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. வெடிக்கும் அந்தக் கணத்தைப் பற்றி மட்டும் இந்தக் கருவியை வைத்து நான் எதுவும் சொல்லவில்லை, அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.