பசி அடங்கிய அரை மணி நேரம்

தினமும் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறேன். காலை பதினோரு மணிக்கு நல்ல பசி. தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அரை மணி நேரத்தில் அது தானாகவே அடங்கிவிட்டது!

பசி ஏறிக்கொண்டே போவதில்லை, அலைபோல வந்து தணிகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் வழக்கமான சாப்பாட்டு நேரத்தையொட்டி உயரும். சாப்பிடாவிட்டாலும் பிறகு இறங்கிவிடும்.

16 மணி நேரம் உண்ணாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறேன்.

இப்படி நேரம் பார்த்து உண்பதில் எடையைக் குறைக்கும் மாயம் எதுவுமில்லை. 2022-இல் வெளியான சீன ஆய்வில் 139 பேர் ஓராண்டு கலோரியைக் குறைத்தார்கள். அவர்களில் உண்ணும் நேரத்தையும் சுருக்கியவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் எடைக்குறைவு இல்லை.

எனக்குக் கலோரியை எண்ணுவதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது எளிது, அவ்வளவுதான்.

இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கிவிடாதீர்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.