ஸ்பேனருக்கு முன்னால் பஞ்ச்: டீசல் மெக்கானிக் பிராக்டிகலில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஐ.டி.ஐ. மெக்கானிக் டீசல் பிராக்டிகலில் தேறிவிட்டேன். இது இரண்டாம் முறை. தியரி போன தடவையே வந்துவிட்டது, அதற்கு 33 சதவீதம் போதும் என்பதால் அதைப் பற்றி எழுதவில்லை. பிராக்டிகலுக்கு 60 வேண்டும். எனக்கு இரண்டு தடவையும் விழுந்தது ஒரே ஜாப்: ஓடித் தேய்ந்த எஞ்சின் பிளாக்கைக் கழற்றி, கழுவி, அளந்து, ரீபோர் பட்டறைக்கு (தேய்ந்த சிலிண்டர் துளையை, அதாவது போரை, கடைந்து பெரிதாக்குகிற இடம்) கொடுக்கிற நிலைக்குக் கொண்டுவருவது.

முதல் தடவை நான் வேகமாகத்தான் செய்தேன். நாலு சிலிண்டர், கிராங்க் தண்டைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்துகிற மெயின் கேப் ஐந்து. ஐந்தையும் கழற்றி ஒரே டிரேயில் டீசல் ஊற்றிப் பளபளவென்று கழுவி, துணி விரித்து வரிசையாக அடுக்கி வைத்தேன். தேர்வாளர் வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். "தம்பி, இது எத்தனையாவது?" என்று கேட்டார். அந்த பிளாக்கில் கேப்புகளுக்கு எண் கிடையாது. எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ ஒரு வரிசையில் மாட்டி டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். கிராங்க் அசையவே இல்லை.

மெயின் கேப்பை பிளாக்கோடு சேர்த்து இறுக்கி வைத்துத்தான் கம்பெனியில் துளை போடுகிறார்கள். அதனால் ஒரு கேப் அதனுடைய இடத்தில், அதனுடைய திசையில் மட்டும்தான் பொருந்தும். இடம் மாறினாலும் தப்பு, அதே இடத்தில் திருப்பி மாட்டினாலும் தப்பு. எந்தக் கேப் எங்கே இருந்தது என்று தெரியாமல் போனால் லைன் போரிங் (எல்லாக் கேப் துளையையும் ஒரே நேர்க்கோட்டில் மறுபடி கடைவது) செலவு தலையில் விழும். இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான். கைக்குத்தான் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவே இல்லை. அப்பா ஆசாரி. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய செட்டியார் வீடுகளைப் பிரிக்கிற வேலைக்குப் போவார். பர்மா தேக்கு நிலை, தூண், உத்தரம் எல்லாம் இறக்கி வேறு ஊருக்குப் போகும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இருக்கும் செட்டிநாட்டு வீடுகூட இங்கிருந்து பிரித்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியதுதான். "உளியை வைக்கிறதுக்கு முன்னாடி எண் போடணும்டா. கழட்டின பிறகு எல்லாக் கட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றார். ஒரு வருடப் படிப்பில் எனக்கு ஏறாதது அந்த ஒரு பேச்சில் ஏறியது.

அப்புறம் தேவகோட்டை ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே கழற்றுகிற பிளாக்கைக் குட்டியானையில் ஏற்றிப் போரிங் பட்டறைக்கு நான்தான் கொண்டுபோவேன். முதல் நாளே அந்தப் பட்டறை அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். ஹெட் ஸ்டட், டவல் பின், ஆயில் வழியின் வாயை அடைத்திருக்கும் ஆயில் கேலரி பிளக் எல்லாம் அப்படியே இருந்தது. "வெறும் பிளாக்கா கொண்டா தம்பி" என்றார். கேலரி பிளக்கை எடுக்காமல் போர் செய்தால் இரும்புத் தூள் ஆயில் போகிற வழியில் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் ஓடிய முதல் நிமிடமே அது புது பேரிங்கைக் கீறிவிடும். பிளக் வரவில்லை என்றால் சுற்றிலும் சூடு காட்டி மெழுகுவர்த்தியை மரையில் வையுங்கள். மெழுகு உருகி உள்ளே இறங்கும், பிளக் இளகி வரும்.

சரி, வேலை வரிசை. நான் இரண்டாம் முறை செய்தது இது.

- ஸ்பேனரைத் தொடும் முன் சென்டர் பஞ்ச் (புள்ளி அடிக்கிற கூர்முனைக் கம்பி). முன்பக்கம்தான் 1. முதல் கேப்பில் ஒரு புள்ளி, அதை ஒட்டி பிளாக்கில் ஒரு புள்ளி. இரண்டாவதில் இரண்டு. எல்லாப் புள்ளியும் கேம்ஷாஃப்ட் பக்கமாக. கேப் உட்காரும் முகத்தில் அடிக்காதீர்கள்.
- கனெக்டிங் ராடுக்கும் அதே மாதிரி.
- ஹெட் போல்ட்டை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்துங்கள்.
- போரின் மேல் விளிம்பில் ரிட்ஜ் (தேயாமல் நிற்கிற திட்டு) இருந்தால் முதலில் அதை எடுங்கள். அப்படியே பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங் பள்ளம் உடையும்.
- தண்ணீர் வழியை அடைத்திருக்கும் தகட்டு மூடியான கோர் பிளக்கின் ஒரு ஓரத்தில் தட்டினால் திரும்பி நிற்கும். பிளையரால் இழுங்கள். வாட்டர் ஜாக்கெட்டுக்குள் விழ விடாதீர்கள்.
- கிராங்கை எடுத்ததும் கேப்புகளை அதனதன் இடத்தில் கையால் மாட்டி வையுங்கள். பட்டறைக்கும் அப்படித்தான் போக வேண்டும்.

விரிசல் பார்க்க விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். இரண்டு போருக்கு நடுவிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் முக்கியமாகப் பாருங்கள். போல்ட் துளையில் எண்ணெய் தேங்கி நிற்கும்போது மேலே போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே வெடிக்கும். காற்றடித்துக் காலி செய்யுங்கள்.

அளவெடுப்பில்தான் மார்க் இருக்கிறது. டயல் போர் கேஜை (துளையின் விட்டம் அளக்கிற கருவி) போரில் மேலே, நடுவில், கீழே வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிராங்குக்குக் குறுக்காக ஒன்று, நீளவாக்கில் ஒன்று. ஒரு போருக்கு ஆறு அளவு. குறுக்குக்கும் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி, மேலுக்கும் கீழுக்கும் உள்ளது டேப்பர். மேல் ரிங் நிற்கிற இடத்தில், பிஸ்டன் சாய்கிற பக்கம்தான் அதிகம் தேயும். அங்கே சூடும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு.

எனக்கு மேலே 0.18 மி.மீ. தேய்மானம், கீழே 0.05. "எந்த ஓவர்சைஸ் எழுதுவே?" என்று தேர்வாளர் கேட்டார். போரை எவ்வளவு பெரிதாக்குவது என்பதுதான் ஓவர்சைஸ். 0.25 என்றுதான் வாயில் வரும். ஆனால் 0.25 என்பது விட்டத்தில், ஒரு பக்கத்துக்கு 0.125தான். தேய்மானம் ஒரே பக்கமாக இருந்தால் 0.18 பள்ளத்தில் 0.055 மிச்சம் நிற்கும். அதனால் 0.50 என்று காரணத்தோடு சொன்னேன். பிஸ்டனை வாங்கி அதையும் அளந்து பிளாக்கோடு பட்டறையில் கொடுப்பேன் என்றும் சொன்னேன். தலையசைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

நான் பேசிக்கொண்டே வேலை செய்ய முடியாதவன். நண்பர்களோடு சேர்ந்து பழகுங்கள் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில். அளந்த உடனே எழுதிவிடுவேன், மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். விடைத்தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். திருத்துகிறவருக்கு நாலு போரும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

பிளாக்கின் மேல் தளம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்விளிம்புப் பட்டை), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்). நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாகக் கழுவுவது. டீசலில் கழுவினால் அழுக்கு போகும், பொடி போகாது. சோப்பும் வெந்நீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை. காற்றடித்து உடனே எஞ்சின் ஆயில் தடவுங்கள். தேர்வாளர் வருவதற்குள் வெறும் இரும்பு துரு பூத்துவிடும். எனக்குப் பக்கத்து மேஜைப் பையனுக்கு அப்படி ஆனது.

கையோடு கொண்டுபோனவை: சென்டர் பஞ்ச், சின்னச் சுத்தியல், இரண்டு மெழுகுவர்த்தி, சாக்பீஸ், பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த துணி. பஞ்சின் முனையை முந்தின நாளே தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.