வீலில் இறுகிப்போன பேரிங்கும் ரப்பர் புஷ்ஷும்

பைக் வீலிலிருந்து பேரிங் கழன்று வரவில்லை என்றால் கை தானாகப் பெரிய சுத்தியலைத் தேடும். வீலின் நடுவில் பேரிங் உட்காரும் அலுமினிய ஹப் விரிசல் விடுவது அப்போதுதான். அடிக்கும் முன் ஆயில் சீலைக் கழற்றி, கீழே பேரிங்கைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் வளையமான சர்க்ளிப் இருக்கிறதா என்று பாருங்கள். சேறும் பழைய கிரீஸும் மூடியிருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. டீசல் விட்டு பிரஷ் போட்டு, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சர்க்ளிப்புக்குப் பதில் மரை போட்ட ரிங் வரும், அதுவும் வலப்பக்கம் சுற்றினால் கழலும் இடது மரையாக இருக்கலாம்.

இறுகுவதற்குக் காரணம் உள்ளே போன தண்ணீர். பேரிங் பக்கம் துரு, ஹப் பக்கம் வெள்ளைப் பொடியாக அலுமினிய ஆக்சைடு. இரண்டும் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் துரு இளக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி விடலாம், ஆனால் உண்மையில் வேலை செய்வது சூடுதான். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். உதாரணத்துக்கு, 6302 என்ற எண் போட்ட பேரிங்கின் வெளி விட்டம் 42 மிமீ. பேரிங்கோடு சேர்த்து ஹப்பின் சூட்டை 80 டிகிரி கூட்டினாலே துளை பேரிங்கைவிட 0.035 மிமீ வரை கூடுதலாக விரிந்துவிடும். பிடி தளர பெரும்பாலும் அது போதும்.

ஹீட் கன்னால் ஹப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று கொதிக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்தால் பெயின்ட் கருகும், அலாயும் பலமிழக்கும். டிஸ்க்கை முன்னாலேயே கழற்றி வையுங்கள். டிஸ்க் மேல் வீலைப் படுக்கவைத்து அடித்தால் அது கோணிக்கொள்ளும். ஹப்புக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் குழாயான ஸ்பேசரை ஒருபக்கம் ஒதுக்கினால் பேரிங்கின் உள் வளையத்தில் சிறு விளிம்பு தெரியும். முனை தட்டையான இரும்புக் கம்பியை அதில் வைத்து, ஒரு தட்டு இந்தப் பக்கம், அடுத்தது நேர் எதிர்ப்பக்கம். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து அலுமினியத்தைக் கவ்விக்கொள்ளும். சாய்ந்துவிட்டால் உயர்ந்து நிற்கும் பக்கத்தைத் திருப்பித் தட்டி நேராக்கிய பிறகே தொடருங்கள்.

ஸ்பேசர் அசையவில்லையா? சுவரில் போடும் ஆங்கர் போல்ட் கைகொடுக்கும். உள் வளையத் துளைக்குள் இறுக்கமாக நுழையும் அளவில் ஒன்று வாங்கி, உள்ளே வைத்து விரியும்வரை முறுக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பி விட்டு அதன் வாலில் அடித்தால் பேரிங்கோடு வெளியே வரும்.

பேரிங் உடைந்து வெளி வளையம் மட்டும் உள்ளே தங்கினால், அதன் உள்முகத்தில் சுற்றி ஒரு வெல்டிங் கோடு போடச் சொல்லுங்கள். ஆறும்போது வளையம் சுருங்கும், பல நேரம் கையோடு வந்துவிடும். இந்த வேலைக்கு இதைவிடச் சுகமான வழி கிடையாது.

செயின் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்க பின்வீல் ஹப்பில் அடித்து ஏற்றிய வட்ட ரப்பர் புஷ் வேறு ரகம். வெளியே இரும்புக் குழாய், நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு குழாய். துளையின் அடி மூடியிருந்தால் பின்னாலிருந்து தட்டவும் வழியில்லை. புல்லர் போட்டு இழுத்தால் பாதி நேரம் ரப்பர் கிழிந்து உள்குழாய் மட்டும் வரும். அதனால் முதலிலேயே ரப்பரில் 4 மிமீ டிரில்லால் சுற்றிலும் துளைபோட்டு உள்குழாயைப் பிடுங்கிவிடுங்கள். ரப்பரை நெருப்பில் எரிக்காதீர்கள், புகை மூச்சை அடைக்கும். மிஞ்சிய வெளிக்குழாயை ஆக்ஸா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுக்க வேண்டும். வெள்ளையாக அலுமினியத் தூள் வந்த கணமே நிறுத்துங்கள். அந்த வெட்டில் சிறு உளியை வைத்து உள்நோக்கி மடித்தால் குழாய் தளர்ந்துவிடும். தனி ரப்பர் துண்டுகளாக வரும் ஹப்பில் இந்தப் பாடு இல்லை. புது ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றுங்கள். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிப்போகும்.

உள் வளையத்தில் அடிவாங்கிக் கழன்ற பேரிங்கை மறுபடி போடாதீர்கள். குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கும். புதிதில் இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் கேட்டு வாங்குங்கள். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, ஹப்பை லேசாகச் சூடாக்கி, வெளி வளையத்தின் மேல் மட்டும் அமரும் சாக்கெட் வைத்துத் தட்டுங்கள். முதல் பேரிங் அடிவரை போகட்டும். ஸ்பேசரை மறக்காமல் போட்டபின், இரண்டாவது அதைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் பக்கவாட்டு அழுத்தம் ஏறி, புது பேரிங் சில நாளிலேயே சத்தம் போடும். ஆக்சிலை இறுக்கியபின் வீல் கனமாகச் சுற்றினால் ஸ்பேசரைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.