டிசபிலிட்டி மறுப்புக் கடிதம் வந்தால் புது விண்ணப்பம் போடாதீர்கள்

உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான டிசபிலிட்டி உதவித்தொகைக்கு அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து மறுப்புக் கடிதம் வந்ததும் பலர் அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு, நான்கைந்து மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். இதில் பழைய விண்ணப்பத் தேதியும் அதையொட்டி வரவேண்டிய நிலுவைப் பணமும் பெரும்பாலும் கைநழுவிவிடும். வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆனவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எஸ்எஸ்டிஐ (வேலை செய்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியவர்களுக்கான டிசபிலிட்டி காப்பீடு) தகுதிக்குக் கடைசித் தேதி இருக்கிறது. முடக்கம் அதற்கு முன்பே தொடங்கியது என்று காட்ட முடியாவிட்டால் பணம் கிடையாது.

அப்பீலுக்கு 60 நாள் அவகாசம். தபாலுக்கு 5 நாள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆக, கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து 65. கவரைத் தூக்கி எறிய வேண்டாம். கடிதம் தாமதமாக வந்தது என்று வாதாட நேர்ந்தால் அதன் மேலுள்ள முத்திரை உதவும்.

முதல் படி ரீகன்சிடரேஷன், அதாவது மறுபரிசீலனை. மருத்துவக் காரணத்துக்காக மறுத்திருந்தால் எஸ்எஸ்ஏ-561 (அப்பீல் கோரிக்கை), 3441 (உடல்நிலை விவரம்), 827 (மருத்துவ ரெக்கார்டுகளைப் பெற அனுமதி) என்று மூன்று படிவங்கள், ஆன்லைனிலும் போடலாம். 561-இல் காரணம் எழுதக் கொஞ்சம்தான் இடம், அதில் மல்லுக்கட்ட வேண்டாம். உழைப்பைப் போட வேண்டிய இடம் 3441. முன்பு தகவல் கொடுத்த பிறகு மாறியதெல்லாம் அதில் வரவேண்டும்: புது டாக்டர், புது மாத்திரை, அந்த மாத்திரையால் வரும் மயக்கம், புதிய ஸ்கேன். வேறொரு அதிகாரி பார்த்தாலும் இந்தப் படியில் பெரும்பாலானவை மீண்டும் மறுக்கப்படுகின்றன. அதற்காக மனம் தளர்ந்து இங்கேயே நிறுத்திவிடுவதுதான் பெரிய இழப்பு.

கடிதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பல நேரம் நோயை அவர்கள் மறுத்திருக்கவே மாட்டார்கள். நோய் இருந்தாலும் வேறு வேலை செய்யலாம் என்றுதான் இருக்கும். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் அவர்கள் கணக்கில் எட்டு மணி நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் உட்காருவது, 10 பவுண்டு வரை தூக்குவது. "இவரால் வேலை செய்ய இயலாது" என்ற டாக்டர் கடிதத்துக்கு இங்கே மதிப்பில்லை. அந்த முடிவு அவர்களுடையது. "20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது, பிறகு 10 நிமிடம் படுக்க வேண்டும், வலது கையால் 5 பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது, காரணம் இந்தத் தேதி எம்ஆர்ஐயில் தெரியும் நரம்பு அழுத்தம்" என்று எழுதித்தரச் சொல்லுங்கள். அதே டாக்டரின் வழக்கமான குறிப்புகளில் "நலமாக இருக்கிறார்" என்று இருந்தால் இந்தக் கடிதமும் பலவீனப்படும். நம்மவர்கள் டாக்டர் கேட்டதும் மரியாதைக்கு "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவது இங்கேதான் கழுத்தை அறுக்கும்.

அன்றாட வேலைகளைக் கேட்கும் படிவத்திலும் இதே பொறிதான். "சமைப்பீர்களா?" என்றால் "ஆம்" என்று மட்டும் எழுதக் கூடாது. "குக்கரில் சோறு மட்டும், காய் நறுக்க மகள் வேண்டும், நடுவில் இரண்டு முறை உட்காருவேன்" என்பதே பதில்.

ரீகன்சிடரேஷனிலும் மறுத்தால் அடுத்தது நீதிபதி முன் ஹியரிங், படிவம் எச்ஏ-501. இதற்கும் அதே 60 நாள். விசாரணைத் தேதி குறைந்தது 75 நாளுக்கு முன்பே தெரிவிக்கப்படும். ஆவணங்களை ஐந்து வேலை நாளுக்கு முன்பே கொடுங்கள், அல்லது இன்னும் வரவேண்டியது எது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் எந்த வேலைக்கு என்ன திறன் வேண்டும் என்று சொல்லும் தொழில் நிபுணர் ஒருவர் இருப்பார். "இவரால் செய்யக்கூடியவை" என்று சில வேலைகளை அடுக்குவார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "மாதம் மூன்று நாள் வராமல் போனால், மணிக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஓய்வெடுத்தால் அந்த வேலைகள் நிலைக்குமா?" "நிலைக்காது" என்ற பதில் வந்தாலும், அந்த மூன்று நாளும் பத்து நிமிடமும் உங்கள் மருத்துவக் கோப்பில் இருந்தால்தான் அது செல்லும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், முன்கூட்டியே கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் வலியை விளக்கப் போய் "சம்டைம்ஸ்" என்று சொல்லிவிட்டால், நாள் முழுக்க இருக்கும் வலி எப்போதாவது வரும் வலியாகப் பதிவாகிவிடும். வக்கீலுக்கு வழக்கமாக முன்பணம் தேவையில்லை. வென்றால் நிலுவைத் தொகையில் அதிகபட்சம் கால் பங்கு, அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ரெக்கார்டுகளை வாங்கும் செலவு மட்டும் தனியாக வரலாம் என்பதால் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.