மாருதி 800: கிளட்ச் மாற்றினேன், பிளைவீல் எடையில் கை வைக்கவில்லை

குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போதுதான் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டிக்கு இழுவையே இல்லை. பர்லியாறு வரை முக்கி முனகிப் போய், அப்படியே கோவைக்குத் திரும்பிவிட்டேன். என்னுடையது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி.

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். கிளட்ச் பிளேட் தேயத் தேய பெடலில் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் காலை எடுத்தாலும் கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். கேபிளைத் தளர்த்திவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்காம் கியரில் கிளட்ச்சை விட்டுப் பார்த்தேன். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் அணைந்துவிட வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரி, கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் இறங்கினோம். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கேபிள்கள் எல்லாம் சீக்கிரமே கழன்றுவிட்டன. கியர் ஆயிலை வடிக்க மறந்து டிரைவ் ஷாஃப்டை உருவியது என் புத்திசாலித்தனம். வாசல் முழுக்க ஆயில். வீட்டில் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பிளேட்டைக் கையில் எடுத்தால் உராய்வுப் பட்டை தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைகள் பளபளக்கின்றன. அந்த ரிவெட்டுகள் பிளைவீலில் (என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்) வட்ட வட்டமாகக் கோடு கிழித்திருந்தன. நாலைந்து இடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. போதாக்குறைக்கு கிராங்க் பின்பக்க ஆயில் சீலிலும் லேசான கசிவு. இவ்வளவு தூரம் பிரித்த பிறகு அதை விட்டுவைப்பது மடத்தனம். சீலையும், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே வாங்கினேன்.

பிளைவீலைக் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "எடையைக் குறைச்சுத் தரட்டுமா தம்பி? வண்டி பறக்கும்" என்றார் லேத்காரர். ஆசைதான். விளிம்பில் சீவினால் கொஞ்சம் எடை போனாலே சுழற்சி ஜடத்துவம் (சுற்றும் வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) நிறையக் குறையும், என்ஜின் சட்டென்று சுற்றெடுக்கும். ஆனால் இது 796 சிசி, மூன்று சிலிண்டர். ஐட்லிங்கில் ஏற்கெனவே நடுங்குகிற என்ஜின். அந்த நடுக்கத்தை அமுக்கி வைத்திருப்பதே பிளைவீலின் கனம்தான். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்று கிளம்பும்போதும் அந்தக் கனம்தான் கைகொடுக்கும். அதோடு, வார்ப்பிரும்பை அளவு தெரியாமல் சீவி, அது வேகத்தில் வெடித்தால் கால் பக்கத்திலேயே வெடிக்கும். ரேஸுக்குப் போகிறவர்கள் இதற்கென்றே செய்த பிளைவீலை வாங்கிப் போடட்டும். எனக்கு வேண்டாம்.

புதிது வாங்குவதா, பழையதையே சரிசெய்வதா என்றுதான் யோசித்தேன். விரிசல் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் கவ்வும் ரிங் கியர் பற்களும் நன்றாக இருந்தன. பழையதே போதும். ஆனால் லேத்தில் கடையவில்லை. நீலம் பாய்ந்த இடம் இறுகிப்போயிருக்கும். டூல் அங்கே எகிறி மேடு விட்டுவிடும். கிரைண்டிங்தான் சரி என்று அவரே வேறு பட்டறைக்கு அனுப்பினார்.

மாட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்துவதுதான் பெரிய பாடு. கண் மதிப்பில் வைத்து, அதை பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை முறுக்கிவிட்டோம். கியர்பாக்ஸ் ஒரு மணி நேரம் போராடியும் உள்ளே போகவில்லை. அப்புறம் பழைய இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து கிளட்ச் பிளேட்டின் நடுவில் நுழையும் தண்டு) ஒன்றை இரவல் வாங்கி அதை வைத்து நடுப்படுத்தினோம், ஒரே தள்ளில் உட்கார்ந்தது.

500 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டிவிட்டு, போன வாரம் குன்னூர் ஏறினேன். பர்லியாறில் டீக்கு மட்டும்தான் நிறுத்தினேன். பெடலை மிதித்தால் கேபிள் இன்னும் கிறீச் என்கிறது. அடுத்த ஞாயிறு அதற்கு.